ஒரே அலுவலகக் கணினியில் லேனும் வைஃபையும்: இரண்டையும் ஒருசேர இயக்குவதற்கான முழுமையான வழிகாட்டி

அலுவலகத்தின் உள் வலையமைப்பான லேனின் கேபிளைக் கணினியில் செருகினால் இணையம் நின்றுவிடுகிறது. உருவினால் இணையம் வந்துவிடுகிறது, ஆனால் டேலி சர்வரும் பிரிண்டரும் காணாமல் போகின்றன. கணக்கு அலுவலகம், சிறு தொழிற்கூடம், பள்ளி அலுவலகம் போன்ற இடங்களில் பலர் நாளெல்லாம் கேபிளைச் செருகி உருவியே இரண்டு வேலையையும் முடிக்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. கேபிளைத் தொடாமலேயே உள் வலையமைப்பு லேன் வழியாகவும் இணையம் வைஃபை வழியாகவும் ஒரே நேரத்தில் இயங்கும்படி விண்டோஸ் 10, 11 கணினிகளை அமைக்க முடியும்.

முறை கடினமானதல்ல. ஆனால் படிகளின் வரிசை மாறினால், எந்த மாற்றத்தால் எது கெட்டது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போய்விடும். புதியவர்கள் இடறுவதை நான் பார்த்த இடங்களில் பெரும்பாலானவை வரிசை தவறிய இடங்களே.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வழியாகத் தரவை அனுப்புவது என்பதைக் கணினி, மென்பொருளைப் பார்த்தோ கேபிளைப் பார்த்தோ முடிவு செய்வதில்லை. போய்ச் சேர வேண்டிய ஐபி முகவரியை (வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) பார்த்து, தன்னிடமுள்ள வழித்தட அட்டவணையில் அதற்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் வரியைத் தேடி எடுக்கிறது. எந்த வரியும் பொருந்தாவிட்டால், ‘மற்ற எல்லாவற்றுக்கும்’ என்று குறிக்கப்பட்ட 0.0.0.0 வரியின் வழியே அனுப்புகிறது. அந்த வரி சுட்டும் ரவுட்டரைத்தான் டிஃபால்ட் கேட்வே என்கிறோம். இனி வரும் படிகளெல்லாம் இந்த அட்டவணையைச் சரியாக எழுதுவதற்கானவை.

இரண்டு இணைப்புகள் இருந்தால் இணைய வேகம் இரட்டிப்பாகும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஆகாது. ஒரு பதிவிறக்கம் ஏதேனும் ஒரு வழியாகத்தான் வரும். இங்கே நாம் செய்யப்போவது வேலையைப் பிரித்துக் கொடுப்பது மட்டுமே.

கட்டளைகளையும் பொத்தான்களின் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். எடுத்துக்காட்டுக்காக ஓர் அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். லேனின் எண்வரிசை (அதிலுள்ள முகவரிகளின் தொகுதி) 192.168.10.0, அதன் மாஸ்க் (அந்தத் தொகுதி எவ்வளவு பெரியது என்று சொல்லும் எண்) 255.255.255.0. சர்வரின் முகவரி 192.168.10.5, பிரிண்டரின் முகவரி 192.168.10.20. மேல்மாடியில் 192.168.20.0 என்ற இன்னொரு லேன் இருக்கிறது. அதற்குப் போகும் வழி 192.168.10.1 என்ற ரவுட்டர். வைஃபையின் எண்வரிசை 192.168.29.0, அதன் ரவுட்டர் 192.168.29.1. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், முறை மாறாது.

1. அனுமதி பெறுதல்

இரண்டு வலையமைப்புகளை ஒரு கணினியில் இணைப்பது என்பது, பூட்டி வைத்த அறைக்கு இன்னொரு கதவு வைப்பதைப் போன்றது. வைஃபை வழியாக இந்தக் கணினிக்குள் வரும் தீநிரல் லேனில் உள்ள எல்லாக் கணினிகளையும் எட்டிப் பார்க்கும்.

லேனில் இணையம் இல்லாததற்குச் செலவு மட்டும் காரணமாக இருக்கலாம். வேண்டுமென்றே தனிமைப்படுத்தியும் வைத்திருக்கலாம். வங்கி, அரசு அலுவலகம், மருத்துவமனை, இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் ஆலை ஆகியவற்றில் இரண்டாவதே உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் இந்த வழிகாட்டியை இத்துடன் மூடிவிடுங்கள். இணையத்துக்குத் தனிக் கணினி கேட்டுப் பெறுவதே சரி. மற்ற இடங்களில் வலையமைப்பைக் கவனிப்பவரிடம் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகு தொடங்குங்கள். அடுத்த படிக்கு வேண்டிய எண்களும் அவரிடம்தான் இருக்கும்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

கணினியின் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல், லேனில் இந்தக் கணினிக்கென ஒதுக்கப்பட்ட ஐபி முகவரி, லேனின் மாஸ்க், பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் உள் டிஎன்எஸ் சர்வர் இருந்தால் அதன் முகவரி, லேனுக்கு அப்பால் உள்ள மற்ற உள் எண்வரிசைகள், அவற்றுக்குப் போகும் ரவுட்டரின் முகவரி, வைஃபையின் கடவுச்சொல். இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலையின் நடுவே இணையமோ சர்வரோ எட்டாமல் போகும் வாய்ப்பு உண்டு என்பதால், சர்வரில் சேமித்த குறிப்பு அப்போது உதவாது.

இப்போதுள்ள நிலையையும் பதிந்து வையுங்கள். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ என்றும், அடுத்து வழித்தட அட்டவணையைக் காட்டும் ‘ரூட் பிரிண்ட்’ (route print) என்றும் கொடுத்து, வரும் விடைகளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தவறு நேர்ந்தால் திரும்பிப் போவதற்கான ஒரே தடயம் அதுதான்.

இந்த வேலையைத் தொலைவிலிருந்து, ரிமோட் மென்பொருள் வழியாகச் செய்யாதீர்கள். கேட்வேயை மாற்றும் நொடியில் அந்த இணைப்பு அறுந்துவிடும். பிறகு யாராவது அந்த மேசைக்கே நடந்து போக வேண்டியிருக்கும். நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி காலையில் கணக்காளரின் கணினியில் கை வைப்பது அவருக்குச் செய்யும் கொடுமை.

3. இரண்டு எண்வரிசைகளும் வேறுபட்டவையா என்று பார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே அதிகம். பின்னால் எந்த மாற்றம் செய்தும் பயனில்லாமல் தவிப்பவர்களும் இவர்களே.

லேனும் வைஃபையும் 192.168.1.0 என்ற ஒரே வரிசையில் இருந்தால், 192.168.1.5 என்ற சர்வர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணினிக்குத் தெரிய வழியே இல்லை. அட்டவணையில் இரண்டு வரிகளும் சமமாகப் பொருந்தும். விண்டோஸ் மெட்ரிக் என்ற முன்னுரிமை எண்ணைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். அது தவறான பக்கமாக இருந்தால் சர்வர் கிடைக்காது. பல ரவுட்டர்கள் கடையிலிருந்து வரும்போதே 192.168.0.0 அல்லது 192.168.1.0 வரிசையில் வருவதால் இந்த மோதல் அடிக்கடி நிகழ்கிறது.

இரண்டும் ஒன்றாக இருந்தால் வைஃபை ரவுட்டரின் எண்வரிசையை மாற்றுங்கள், லேனை மாற்றாதீர்கள். லேனில் சர்வர், பிரிண்டர், விரல்ரேகைப் பதிவுக் கருவி எனப் பலவற்றுக்கு நிலையான முகவரிகள் தரப்பட்டிருக்கும். வைஃபை பக்கம் பெரும்பாலும் கைபேசிகளே இருக்கும், அவை புதிய முகவரியைத் தாமே வாங்கிக்கொள்ளும். தனிப்பட்ட வலையமைப்புகளுக்கென 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குள் மட்டும் தேர்ந்தெடுங்கள்.

மாஸ்க்கையும் கவனியுங்கள். லேன் 10.0.0.0 என்றும் அதன் மாஸ்க் 255.0.0.0 என்றும் இருந்தால், 10 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும் லேனுக்கே சொந்தமாகிவிடும். அப்போது வைஃபை 10.0.5.0 என்று வேறாகத் தோன்றினாலும், லேனில் அதே வரிசை முகவரி கொண்ட கருவிகள் கிடைக்காமல் போகும்.

4. ஒவ்வொன்றையும் தனியே சோதித்தல்

வைஃபையை அணைத்துவிட்டு, கேபிளை மட்டும் செருகுங்கள். சர்வரில் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள், ஒரு தாள் அச்சிட்டுப் பாருங்கள். பிறகு கேபிளை உருவிவிட்டு, வைஃபையை மட்டும் இணைத்து இரண்டு மூன்று இணையதளங்களைத் திறந்து பாருங்கள்.

காரணம் எளிது. தனியாகவே இயங்காத ஒன்று சேர்ந்தும் இயங்காது. கேபிளின் முனை உடைந்திருந்தாலோ, கேபிள்கள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் அந்தத் துளை செயலிழந்திருந்தாலோ, அதை வழித்தடப் பிழை என்று எண்ணி அட்டவணையை மாற்றி மாற்றி எழுதுவது வீண். கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால், முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரை அது எட்டவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்த பின்பே மேலே போக வேண்டும்.

வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் வருமானால், அதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். இரண்டு இணைப்புகளும் இருக்கும்போது அந்தப் பக்கம் சில வேளைகளில் தோன்றாமலே போகும்.

5. இரண்டும் ஒருசேர நிற்க அனுமதித்தல்

இப்போது கேபிளையும் செருகி, வைஃபையையும் கையால் இணையுங்கள். இரண்டும் நிற்கின்றனவா என்று பாருங்கள். கேபிளைச் செருகியவுடன் வைஃபை முற்றிலும் அணைந்துவிட்டால், காரணம் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்.

முதலாவது, மடிக்கணினியின் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்). சில ஹெச்பி, டெல் மடிக்கணினிகளில், கேபிள் இணைந்தால் வைஃபையை அணைக்கும் அமைப்பு பயாஸிலேயே உண்டு. லேன், டபிள்யூலேன் (வைஃபை) என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வரும் அமைப்பையோ, டபிள்யூலேன் ரேடியோவைக் கட்டுப்படுத்தும் அமைப்பையோ தேடி நிறுத்துங்கள். இது பயாஸில் இருக்கும்போது விண்டோஸுக்குள் என்ன செய்தாலும் பலன் இராது.

இரண்டாவது, விண்டோஸின் கொள்கை. இணையம் தரும் இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்துக்கொள்வது விண்டோஸின் இயல்பு. லேனிலும் இணையம் இருந்தாலோ, நிறுவனத்தின் மைய சர்வர் நிர்வகிக்கும் டொமைனில் கணினி சேர்ந்திருந்தாலோ, வைஃபையைத் தானாக இணைக்காமல் விட்டுவிடக்கூடும். ப்ரோ பதிப்புகளில் ‘ஜிபிஎடிட்.எம்எஸ்சி’யைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், நெட்வொர்க், விண்டோஸ் கனெக்‌ஷன் மேனேஜர் என்ற வரிசையில் உள்ளே போனால், ஒரே நேரத்தில் இருக்கும் இணைப்புகளைக் குறைப்பது பற்றிய, ‘மினிமைஸ்’ என்று தொடங்கும் கொள்கை இருக்கும். அதை எனேபிள்டு ஆக்கி, கீழே உள்ள பட்டியலில் 0 என்று தொடங்கும் தேர்வைக் கொடுங்கள். 3 என்ற தேர்வு, ஈதர்நெட் (கேபிள் இணைப்பு) இருக்கும்போது வைஃபையையே தடுப்பது. அந்த 3 ஏற்கெனவே இருந்தால், யாரோ தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். அவரிடம் கேட்காமல் மாற்ற வேண்டாம். டொமைனில் சேர்ந்த கணினியில் நீங்கள் மாற்றினாலும், சர்வரிலிருந்து வரும் கொள்கை சற்று நேரத்தில் அதைத் திரும்ப எழுதிவிடும்.

மூன்றாவது, கணினித் தயாரிப்பாளர் கூடவே நிறுவித் தரும் வலையமைப்பு மேலாண்மை மென்பொருள். அதில் இதே போன்ற தானியங்கி மாற்றம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

6. வெளியே போக ஒரே வாசல்

முழு வேலையின் மையம் இதுதான். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

லேனும் வைஃபையும் ஆளுக்கொரு டிஃபால்ட் கேட்வேயைக் கொடுத்தால், அட்டவணையில் 0.0.0.0 வரி இரண்டு முறை வரும். எந்த வரிக்கு மெட்ரிக் எண் சிறியதோ அதையே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். மெட்ரிக்கை விண்டோஸ் தானாக, இணைப்பின் வேகத்தை வைத்துக் கணக்கிடுகிறது. 1 ஜிகாபிட் ஈதர்நெட்டுக்கு 25 கிடைக்கும். வைஃபைக்கு அதைவிடப் பெரிய எண்ணே பெரும்பாலும் கிடைக்கும். ஆகவே இணையத்துக்குப் போக வேண்டிய எல்லாமே, இணையமே இல்லாத லேன் ரவுட்டரிடம் போய் முட்டி நிற்கின்றன. கேபிளைச் செருகினால் இணையம் நிற்பதற்குக் காரணம் இவ்வளவுதான். இதற்குத் தீர்வு மூன்று. நான் பரிந்துரைக்கும் வரிசையில் தருகிறேன்.

முதல் வழி, லேனுக்கு நிலையான முகவரி கொடுத்து கேட்வேயைக் காலியாக விடுவது. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘என்சிபிஏ.சிபிஎல்’ என்று கொடுங்கள். ஈதர்நெட்டின் மேல் வலது பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ், அதில் இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4, அதன் பிராப்பர்ட்டீஸ் என்று போய், ஒதுக்கப்பட்ட முகவரியையும் மாஸ்க்கையும் எழுதுங்கள். டிஃபால்ட் கேட்வே கட்டத்தில் எதையும் எழுதாதீர்கள். கட்டம் காலியாக இருப்பது பிழை போலத் தோன்றுவதால் பலர் ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அதோடு மொத்த வேலையும் கெட்டுவிடுகிறது. அதே லேனில் உள்ள சர்வருக்கும் பிரிண்டருக்கும் கேட்வே தேவையில்லை, ஏனெனில் அவை ஒரே எண்வரிசையில் நேரடியாக எட்டக்கூடியவை. முகவரியை நீங்களாக ஊகித்துப் போடுவதும் கூடாது. டிஹெச்சிபி சர்வர் அதே எண்ணை வேறொரு கணினிக்குக் கொடுத்துவிட்டால், இரண்டு கணினிகளும் மாறி மாறித் துண்டிக்கப்படும்.

இரண்டாவது வழி, லேனில் முகவரியை டிஹெச்சிபியே தர வேண்டும் என்று விதி இருக்கும் இடங்களுக்கானது. முகவரியை வாங்கிக்கொண்டு, அதனுடன் வரும் கேட்வேயை மட்டும் புறக்கணிக்கும்படி விண்டோஸிடம் சொல்லலாம். பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ‘செட்-நெட்ஐபிஇன்டர்ஃபேஸ் -இன்டர்ஃபேஸ்ஏலியாஸ் ஈதர்நெட் -இக்னோர்டிஃபால்ட்ரூட்ஸ் எனேபிள்டு’ என்று கொடுங்கள். உங்கள் கணினியில் இணைப்பின் பெயர் ‘ஈதர்நெட் 2’ என்பது போல் இடைவெளியுடன் இருந்தால், அதை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்.

மூன்றாவது வழி, இரண்டு கேட்வேகளையும் வைத்துக்கொண்டு மெட்ரிக்கை மட்டும் மாற்றுவது. மேலே சொன்ன அதே சாளரத்தில் அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தி, ஆட்டோமேட்டிக் மெட்ரிக் என்ற குறியை எடுத்துவிட்டு, வைஃபைக்கு 10 என்றும் ஈதர்நெட்டுக்கு 50 என்றும் கொடுங்கள். சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் ஏராளம். லேனிலும் இணையம் இருந்து, வைஃபை நின்றால் அது கைகொடுக்க வேண்டும் என்று விரும்பினால் மட்டும் இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் வைஃபையின் மெட்ரிக்கைச் சிறியதாக வைப்பது நல்லது. பெயர் தேடும் வரிசையிலும் அது பங்கு வகிக்கிறது. லேனில் ஐபி பதிப்பு 6 இயங்கினால், அதற்கும் தனியே ஒரு கேட்வே வந்து சேரலாம். பதிப்பு 4க்குச் செய்ததை மட்டும் நம்பியிருக்காமல், ‘ரூட் பிரிண்ட்’ விடையின் கீழ்ப்பகுதியில் பதிப்பு 6 அட்டவணையையும் பார்த்து, அதே மாற்றத்தை அதற்கும் செய்யுங்கள்.

மாற்றம் முடிந்ததும் உலாவியை முழுதாக மூடித் திறங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் புதிய வழிக்குத் தாமாக மாறிக்கொள்வதில்லை. ஈதர்நெட்டின் பக்கத்தில் ‘இணையம் இல்லை’ என்று விண்டோஸ் காட்டும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம், நாம் வேண்டியதே அதுதான்.

7. அடுத்த மாடிக்கும் கிளைக்கும் வழித்தடம் எழுதுதல்

உங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு லேன் எண்வரிசைதான் உண்டு என்றால் இந்தப் படியைத் தாண்டலாம்.

கேட்வேயை எடுத்துவிட்டதால், 192.168.20.0 என்ற மேல்மாடி லேனுக்குப் போகும் வழி கணினிக்கு இப்போது தெரியாது. அது வைஃபை ரவுட்டரிடம் கேட்கும், அதற்கும் தெரியாது. எனவே அந்த வரியை நாமே எழுத வேண்டும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, இப்படிக் கொடுங்கள்:

ரூட் -பி ஆட் 192.168.20.0 மாஸ்க் 255.255.255.0 192.168.10.1

‘192.168.20 வரிசையில் உள்ள எவருக்கும் போக வேண்டுமானால், 192.168.10.1 என்ற ரவுட்டரிடம் கொடு’ என்பதே இதன் பொருள். இந்த ஒரு வரியில் நேரும் தவறுகள் பல. ‘-பி’ (-p) என்பதை விட்டுவிட்டால், கணினியை மறுபடி தொடங்கும்போது வரி அழிந்துவிடும். இன்று இயங்கி நாளைக் காலை நின்றுபோகும் வழித்தடங்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மாஸ்க்கை விட்டுவிட்டால், அந்த ஒரே முகவரிக்கு மட்டுமான வழியாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். முதல் எண்ணை 192.168.20.5 என்று எழுதி மாஸ்க்கை 255.255.255.0 என்று கொடுத்தால், வரிசையின் தொடக்க எண் இல்லை என்பதால் கட்டளை மறுக்கப்படும். கடைசி எண் லேன் பக்கத்து ரவுட்டராக இருக்க வேண்டும். பழக்கத்தில் வைஃபை ரவுட்டரின் எண்ணை எழுதிவிடுபவர்கள் உண்டு.

தவறாக எழுதியதை ‘ரூட் டெலீட் 192.168.20.0’ என்று நீக்கிவிட்டு மறுபடி எழுதுங்கள். நீக்காமல் மேலும் மேலும் சேர்த்தால், எந்த வரி வேலை செய்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

பத்துக் கணினிகளுக்கு மேல் இதைச் செய்ய வேண்டியிருந்தால், ஒவ்வொன்றிலும் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். டிஹெச்சிபி சர்வரில் 121 என்ற விருப்ப எண்ணின் கீழ் இந்த வழித்தடங்களை எழுதிவிட்டால், முகவரியோடு வழித்தடமும் எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேரும். லேனில் டிஹெச்சிபி வழியே முகவரி வாங்கும் கணினிகளுக்கு மட்டும் இது பொருந்தும்.

8. பெயர்களைச் சரிசெய்தல்

192.168.10.5 என்று எண்ணால் அழைத்தால் சர்வர் வருகிறது; பெயரால் அழைத்தால் வரவில்லை. வழித்தடம் சரியாக இருந்து பெயர் தேடல் தவறும்போது இப்படி நடக்கும். எப்போதும் எண்ணில் முதலில் சோதித்து, அது இயங்கிய பிறகே பெயருக்கு வாருங்கள்; இரண்டையும் குழப்பிக்கொள்வதால் போகும் நேரம் கொஞ்சமல்ல.

விண்டோஸ் ஒரு பெயரைத் தேடும்போது, விரைவுக்காக எல்லா இணைப்புகளின் டிஎன்எஸ் சர்வர்களிடமும் கேட்கக்கூடும். உங்கள் சர்வரின் பெயர் வெளியே உள்ள டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது. ‘அப்படி ஒன்று இல்லை’ என்று அது சொல்லிவிடும். அதோடு, அலுவலகத்தின் உள் பெயர்கள் வெளியே கசிவதும் நல்லதல்ல.

சர்வரும் பிரிண்டரும் சேர்த்து நாலைந்துதான் என்றால், ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிவிடுவதே எளிது. அது சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்ற உறைகளுக்குள் (ஃபோல்டர்களுக்குள்) இருக்கிறது. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதற்குள்ளிருந்து இந்தக் கோப்பைத் திறந்து, ஒரு வரிக்கு ஒன்றாக முதலில் எண்ணையும், இடைவெளி விட்டுப் பெயரையும் எழுதிச் சேமியுங்கள். சேமிக்கும்போது பெயரின் பின்னால் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொண்டால் விண்டோஸ் அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது. சர்வரின் முகவரி பின்னாளில் மாறினால் இந்த வரியையும் மாற்ற வேண்டும் என்பதைத் தாளில் குறித்து வையுங்கள்.

பெயர்கள் நிறைய இருந்து, உள் டிஎன்எஸ் சர்வரும் இருந்தால், குறிப்பிட்ட முடிவு கொண்ட பெயர்களை மட்டும் அந்தச் சர்வரிடம் கேட்கும்படி விதி எழுதலாம். உள் பெயர்கள் ‘.ஆபீஸ்.லோக்கல்’ என்று முடிவதாகவும், உள் டிஎன்எஸ் 192.168.10.2 என்றும் வைத்துக்கொண்டால், பவர்ஷெல்லில் இப்படிக் கொடுக்க வேண்டும்:

ஆட்-டிஎன்எஸ்கிளையன்ட்என்ஆர்பிடிரூல் -நேம்ஸ்பேஸ் ".ஆபீஸ்.லோக்கல்" -நேம்சர்வர்ஸ் "192.168.10.2"

பெயருக்கு முன்னால் உள்ள புள்ளியை விட்டுவிடாதீர்கள். புள்ளி இருந்தால் அந்த முடிவு கொண்ட எல்லாப் பெயர்களுக்கும் விதி பொருந்தும். இல்லாவிட்டால் அந்த ஒரே பெயருக்கு மட்டும் பொருந்தும். பிறகு ‘ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்’ கொடுத்துப் பழைய விடைகளை அழித்துவிடுங்கள். டொமைனில் சேர்ந்த கணினிகளில் டிஎன்எஸ்ஸை நீங்களாக மாற்ற வேண்டாம், உள்நுழைவே தடைபடும்.

9. பிராக்ஸி

எல்லாம் சரியாக இருந்தும் உலாவி மட்டும் திறக்கவில்லையா? உலாவிக்கும் இணையத்துக்கும் இடையே நிற்கும் இடைநிலை சர்வரான பிராக்ஸியைப் பாருங்கள். பிராக்ஸி அமைப்பு இணைப்புக்கு ஒன்றாக இருப்பதில்லை, லேன், வைஃபை இரண்டுக்கும் பொதுவானது. முன்பு லேனில் ஒரு பிராக்ஸி எழுதப்பட்டிருந்தால், உலாவி வைஃபையை விட்டுவிட்டு அந்த லேன் முகவரியையே தேடிப் போகும். செட்டிங்ஸில் நெட்வொர்க், பிராக்ஸி என்று போய், கையால் எழுதப்பட்டதையும் தானாகக் கண்டறியும் அமைப்பையும் பாருங்கள். இணையம் முழுவதும் வைஃபை வழியே போவதானால் பிராக்ஸியை நிறுத்துங்கள்.

விபிஎன் பயன்படுத்துபவர்கள், இந்தப் படிகள் எல்லாம் முடியும்வரை அதை அணைத்து வையுங்கள். விபிஎன் இணைந்தவுடன் அட்டவணையில் தன் வரிகளைத் தானே எழுதும். அப்போது உங்கள் மாற்றத்தின் விளைவைப் பிரித்தறிய முடியாது.

10. ஃபயர்வாலும், செய்யக் கூடாத ஒன்றும்

வைஃபை இணைப்பைப் பப்ளிக் என்றே வைத்திருங்கள். இணையம் வரும் பக்கத்திலிருந்து யாரும் இந்தக் கணினியின் கோப்புகளை எட்டக் கூடாது.

கேட்வே இல்லாத லேனை விண்டோஸ் ‘அடையாளம் தெரியாத வலையமைப்பு’ என்று கருதி, அதையும் பப்ளிக் ஆக்கிவிடுவது வழக்கம். இந்தக் கணினி சர்வரிடம் போய் எடுத்துக்கொள்ளும் கணினியாக மட்டும் இருந்தால், அதை அப்படியே விட்டுவிடுங்கள். வெளியே போகும் தொடர்பை அது தடுக்காது. மற்றவர்கள் இந்தக் கணினியின் உறையையோ இதில் இணைத்த பிரிண்டரையோ பயன்படுத்த வேண்டியிருந்தால் மட்டும், 192.168.10.0 வரிசையிலிருந்து வருவோருக்கு என்று எல்லை குறித்து ஃபயர்வாலில் ஒரு விதி சேர்க்கச் சொல்லுங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிடுவது தீர்வாகாது.

என்சிபிஏ சாளரத்தில் இரண்டு இணைப்புகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் ‘பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ்’ என்று ஒரு தேர்வு வரும். பெயரைப் பார்த்து இதுதான் நமக்கு வேண்டியது என்று எண்ணி அழுத்திவிடாதீர்கள். அது இரண்டு வலையமைப்புகளையும் ஒன்றாக்கிவிட முயலும். லேனில் உள்ளவர்களுக்கு வைஃபை ரவுட்டர் முகவரி வழங்கத் தொடங்கினால், அலுவலகம் முழுவதும் சர்வரை இழக்கும். இணையப் பகிர்வையும் மொபைல் ஹாட்ஸ்பாட்டையும் இதே காரணத்துக்காக அணைத்து வையுங்கள். நமக்கு வேண்டியது இந்த ஒரு கணினி இரண்டு பக்கமும் பேசுவது. இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று பேசுவது அல்ல.

11. சோதித்து முடித்தல்

‘ரூட் பிரிண்ட்’ கொடுங்கள். முதல் இரண்டு வழிகளில் ஒன்றை எடுத்திருந்தால், பதிப்பு 4 அட்டவணையில் 0.0.0.0 வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அதில் 192.168.29.1 இருக்க வேண்டும். நீங்கள் எழுதிய நிலையான வழித்தடங்கள் கீழே பெர்சிஸ்டன்ட் ரூட்ஸ் என்ற பகுதியில் தெரிய வேண்டும்.

அடுத்து, தரவு போகும் வழியிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் ‘டிரேசர்ட் -டி 8.8.8.8’ (tracert -d) கட்டளை. 8.8.8.8 என்பது இணையத்தில் உள்ள ஒரு முகவரி. முதல் வரியில் வைஃபை ரவுட்டர் வர வேண்டும். ‘டிரேசர்ட் -டி 192.168.20.5’ கொடுத்தால் முதல் வரியில் 192.168.10.1 வர வேண்டும். முதல் வரி சரியாக இருந்தால் உங்கள் கணினி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதற்குப் பின்னால் தடை இருந்தால் அது வேறொருவர் கவனிக்க வேண்டியது.

சர்வர் பிங்குக்கு (எட்டுகிறதா என்று கேட்கும் கட்டளை) விடை தராததால் அது எட்டவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பல சர்வர்களின் ஃபயர்வால் பிங்கைத் தடுத்து வைத்திருக்கும். கோப்புப் பகிர்வு 445 என்ற போர்ட்டில் நடப்பதால், பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் 192.168.10.5 -போர்ட் 445’ என்று கேட்பதே நம்பத் தகுந்த சோதனை. விடையின் இறுதியில் ட்ரூ என்று வர வேண்டும். எந்த இணைப்பின் வழியாகப் போனது என்பதையும் அதே விடை காட்டும்.

பிறகு வைஃபையை அணைத்து, சர்வர் கிடைக்கிறதா என்று பாருங்கள். வைஃபையைத் திரும்ப இணைத்து, கேபிளை உருவி, இணையம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கேபிளைத் திரும்பச் செருகி, பெரிய கோப்பு ஒன்றைச் சர்வரிலிருந்து எடுத்துக்கொண்டே ஓர் இணையதளத்தைத் திறந்து பாருங்கள்.

கடைசியாகக் கணினியை அணைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். யாரும் எதையும் தொடாமல், வைஃபை தானே இணைந்து, சர்வரும் இணையமும் இரண்டும் வர வேண்டும். வைஃபை இணையாவிட்டால், அந்த இணைப்பின் ‘தானாக இணை’ குறியையும் 5ஆம் படியில் சொன்ன கொள்கையையும் மறுபடி பாருங்கள். சற்று நேரம் ஓய்விலிருந்து எழும்போது மட்டும் வைஃபை விடுபட்டால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை கருவியின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள்.

செய்த மாற்றங்களை, பழைய எண்களோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி, வலையமைப்பைக் கவனிப்பவரிடம் ஒரு படி கொடுத்துவிடுங்கள். லேனின் எண்வரிசையை அவர் ஒருநாள் மாற்றும்போது, இந்தக் கணினியில் கையால் எழுதிய முகவரியும் வழித்தடமும் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.